அப்பாவோட ரெண்டு டைரி, ஆறடி உலக மேப்

ஒரு வழியா நேத்து சாயங்காலம் ஹால் சுவத்துல ஏத்தியாச்சு, ஆறடிக்கு மூணடி, 5 மிமீ சன் போர்டு (லேசான ஃபோம் பலகை) மேல வினைல் ஒட்டினது. முதல் தடவை அடிச்ச பிளெக்ஸ் இப்போ கட்டிலுக்கு அடியில சுருட்டிக் கிடக்கு, அது ஏன் அங்க போச்சுங்கறதையும் சேர்த்தே எழுதிடறேன், இதே மாதிரி யாராவது பண்ணப் போனா அந்த 324 ரூபாயாவது மிச்சமாகட்டும்.

விஷயம் என்னன்னா, அப்பா தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல ஆயிலரா (எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கற வேலை) இருந்தவர். 1984ல இருந்து 1991 வரைக்கும் ரெண்டு சின்ன டைரி வச்சிருந்திருக்கார். தினமும் மதியம் 12 மணிக்கு பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டற மேல் அறை) இருந்து கீழ வர்ற நூன் பொசிஷன் சீட்டைப் பார்த்து தேதியும் லாட்டிட்யூடு லாங்கிட்யூடும் எழுதி வச்சிருக்கார். வேற ஒண்ணும் பெருசா இல்ல, நடுவுல எப்பவாவது "கடல் மோசம்", "கடிதம் வந்தது"ன்னு ரெண்டு வார்த்தை. எண்ணெய்க் கறை பட்ட பக்கம், சில இடத்துல 3க்கும் 8க்கும் வித்தியாசமே தெரியாது. பரண் சுத்தம் பண்ணும்போது கிடைச்சது, இதையெல்லாம் ஒரு மேப்ல போட்டா என்னன்னு தோணுச்சு, ரெண்டு வார வேலைன்னு நினைச்சேன், நாலு மாசம் ஓடிப்போச்சு.

முதல்ல ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தணும். டைரில 12°48', 45°02'ன்னு டிகிரி மினிட்ல இருக்கு, மேப் சாஃப்ட்வேருக்கு டெசிமல் வேணும். முதல் பத்து வரியை 12.48, 45.02ன்னு அப்படியே அடிச்சுட்டேன், அப்பா பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தவர், "ஏல, ஒரு டிகிரிக்கு அறுபது மினிட்டுல, நீ நூறுன்னு வச்சிருக்க"ன்னார். அப்புறம் டிகிரிக்கு ஒரு காலம் (ஷீட்ல ஒரு நெடுவரிசை), மினிட்டுக்கு ஒரு காலம், திசைக்கு ஒரு காலம்னு பிரிச்சு, மினிட்டை 60ஆல வகுத்து டிகிரியோட கூட்டினேன். 12°48' வந்து 12.8. லாட்டிட்யூடுல ஒரு மினிட்னா ஒரு கடல் மைல், அதாவது 1.85 கி.மீ, இது அப்பாவுக்கு மனப்பாடம், எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அடுத்த கூத்து திசை. தெற்கும் மேற்கும் மைனஸ்ல போகணும். திசை காலத்தை ஒழுங்கா டைப் பண்ணி வச்சிருந்தேன், ஆனா ஃபார்முலால அதைச் சேர்க்க மறந்துட்டேன். இதுல கொடுமை என்னன்னா தப்பு உடனே தெரியாது. பிரேசில்ல இருக்கற சாண்டோஸ் துறைமுகம் 23°57' தெற்கு, 46°20' மேற்கு, ரெண்டு மைனஸும் போயிட்டா அது சவுதில ரியாத்துக்குக் கொஞ்சம் தெக்க வந்து விழுது, பாலைவனத்துல கப்பல்னதும் சிரிச்சுட்டு திருத்திடலாம். ஆனா டர்பன் இருக்கே, 29°52' தெற்கு, 31°02' கிழக்கு, மைனஸ் இல்லாம அது கெய்ரோவுக்குப் பக்கத்துல வருது. நான் சூயஸ் வழியா போனப்போ ஊர் சுத்திப் பார்க்கப் போயிருப்பார் போலன்னு நினைச்சு விட்டுட்டேன்! கேப் டவுன் இன்னும் மோசம், அது மத்தியதரைக் கடல் நடுவுல விழுந்துச்சு, கப்பல் கடல்ல இருக்கறதை யார் சந்தேகப்படுவா. ஃப்ரீமேண்டில் போய் சீனாவுக்கு நடுவுல வயக்காட்டுல நின்ன பிறகுதான் மொத்த ஷீட்டையும் திரும்பப் பார்த்தேன். திசை காலத்துல எஸ்ஸோ டபிள்யூவோ இருந்தா -1ஆல பெருக்குன்னு ஒரே ஒரு இஃப் போட்டா முடிஞ்சுது.

சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ், இலவசம், என் எட்டு ஜிபி ரேம் லேப்டாப்லயே ஓடுச்சு. ஷீட்டை சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்து ஃபைல்) சேவ் பண்ணி உள்ள இழுக்கும்போது எக்ஸ் எது ஒய் எதுன்னு கேக்கும். நாம வாயால சொல்றது லாட் லாங், அதனால எக்ஸ்ல லாட் போட்டேன். தப்பு, எக்ஸ்ங்கறது குறுக்கால போறது, அது லாங்கிட்யூடு. தூத்துக்குடி 78 டிகிரி வடக்குல, ஆர்க்டிக்ல ஸ்வால்பார்டுக்கு மேற்கால பனிக்கடல்ல நின்னுச்சு, யோகஹாமாவைக் காணவே காணோம், ஏன்னா 139 டிகிரி லாட்டிட்யூடுன்னு உலகத்துலயே ஒண்ணு கிடையாது, 90ஓட முடிஞ்சு போச்சு. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணியாச்சு.

நிலம், நாடு, கடற்கரை எல்லாத்துக்கும் நேச்சுரல் எர்த் டேட்டா. பப்ளிக் டொமைன், யாரும் காசு கேக்க மாட்டாங்க, மூணு அளவுல கிடைக்குது, அதுல ரொம்ப நுணுக்கமான 1க்கு 1 கோடி செட்டை எடுத்தேன்.

இப்போ எந்த ப்ரொஜெக்ஷன், அதாவது உருண்டை உலகத்தைத் தட்டையா விரிக்கற முறை. முதல்ல சோம்பேறித்தனமா டிகிரியை அப்படியே சதுரக் கட்டமா போடற முறையில போட்டேன். 360க்கு 180, ஆறடிக்கு மூணடி, அச்சா பொருந்துது, ஒரு டிகிரிக்கு 5.08 மிமீ, ஸ்கேல் வச்சு அளந்தே எந்த ஊரையும் குறிக்கலாம். ஏ3ல ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், மேல ரஷ்யா சப்பாத்திக் கட்டைல உருட்டின மாதிரி குறுக்க நீண்டு கிடக்கு. 60 டிகிரில நிஜ அகலம் நடுக்கோட்டுல (பூமத்திய ரேகை) இருக்கறதுல பாதிதான், இந்த மேப்ல அதே அகலத்துக்கு இழுத்துருது, உயரம் மட்டும் அப்படியே இருக்கு, அதான் அந்த நசுங்கல். அப்பா பார்த்துட்டு "எங்க சார்ட்டு இப்படி இருக்காதுல"ன்னார். அவர் சொல்றது மெர்காட்டர், 1569ல வந்தது, திசைமானி காட்டற ஒரே திசையில போனா கோடு நேரா விழும், அதனால கப்பல்காரங்களுக்கு அதுதான் மேப்பு. ஆனா சுவத்து மேப்புக்கு எனக்கு அது வேண்டாம். ஆப்பிரிக்கா நிஜத்துல கிரீன்லாந்து மாதிரி 14 மடங்கு, மெர்காட்டர்ல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிக்குது. போதாததுக்கு 85 டிகிரி வரைக்கும் போட்டா அது சதுரமா வரும், ஆறடி அகலம்னா ஆறடி உயரம், என் சுவத்துல ஸ்விட்ச் போர்டுக்கும் லாஃப்டுக்கும் நடுவுல இருக்கறதே மூணரை அடி. அப்பாகிட்ட அளவு டேப்பைக் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன்.

கடைசில ஈக்வல் எர்த். 2018ல வந்த புது ப்ரொஜெக்ஷன், பரப்பளவு சரியா இருக்கும், ஓரங்கள் உருண்டையா பார்க்கவும் நல்லா இருக்கும். க்யூஜிஐஎஸ்ல ஈபிஎஸ்ஜி 8857ங்கற அதோட அடையாள எண்ணைத் தேடினா வருது. இதுல உலகத்தோட மொத்த அகலம் 34,488 கி.மீ, உயரம் 16,786 கி.மீ. 1க்கு 2 கோடின்னு ஸ்கேல் வச்சா 172.4 செ.மீக்கு 83.9 செ.மீ. ஆறடி மூணடி போர்டுங்கறது 182.9க்கு 91.4. பக்கவாட்டுல அஞ்சு செ.மீயும் மேல கீழ நாலு செ.மீ கிட்டவும் மார்ஜின், இதைவிட என்ன வேணும். 1 மிமீ கிட்டத்தட்ட 20 கி.மீ. கிட்டத்தட்டன்னு ஏன் சொல்றேன்னா இந்த மேப்ல பரப்பளவுதான் நிஜம், தூரம் இடத்துக்கு இடம் மாறும், நடுக்கோட்டுல குறுக்கால அளந்தா 1 மிமீ 23 கி.மீக்கு மேல போயிடுது. அழகுக்காக கீழ தூரம் காட்டற ஒரு ஸ்கேல் பார் வச்சிருந்தேன், அது பொய் சொல்லுதுன்னு புரிஞ்சதும் தூக்கிட்டேன். உலக மேப்ல ஸ்கேல் பார் போடாதீங்க.

கடலுக்கு நீலம் வேணும்னு -180ல இருந்து 180 வரைக்கும் ஒரு செவ்வகம் வரைஞ்சு அடியில போட்டேன். பார்த்தா கடல் ஒரு பெட்டியா நடுவுல நிக்குது, ஆஸ்திரேலியா, ஜப்பான், அலாஸ்கா எல்லாம் கடலுக்கு வெளிய வெள்ளைத் தாள்ல தொங்கிட்டு இருக்கு. அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். காரணம் சின்னது: செவ்வகத்துக்கு நாலு மூலைதான் புள்ளி, நாலும் துருவத்துல இருக்கு, ஈக்வல் எர்த்ல துருவக் கோடு நடுக்கோட்டு நீளத்துல 60 சதவீதத்தைக்கூட எட்டாது, சாஃப்ட்வேர் அந்த நாலு புள்ளியை மட்டும் இடம் மாத்தி நேர்கோட்டால இணைச்சுருச்சு. டென்சிஃபைன்னு ஒரு டூல் இருக்கு, ஒரு டிகிரிக்கு ஒரு புள்ளி சேர்க்கச் சொன்னேன், உடனே ஓரம் வளைஞ்சு உருண்டுருச்சு. லாட்டிட்யூடு லாங்கிட்யூடு கோடுகளுக்கும் இதே வைத்தியம், இல்லன்னா மெரிடியன் (மேலிருந்து கீழ போற லாங்கிட்யூடு கோடு) எல்லாம் குச்சி மாதிரி நேரா நிக்கும். கோடு 15 டிகிரிக்கு ஒண்ணு போட்டேன், 10 டிகிரில போட்டுப் பார்த்தேன், கொசுவலை மாதிரி ஆயிடுச்சு. கடகரேகை, மகரரேகை 23°26'ல தனியா புள்ளிக்கோடு.

ரொம்ப நாள் முழுங்கினது எதை நடுவுல வைக்கறதுங்கற கேள்விதான். எனக்கு ஆசை, நம்ம ஊரு நடுவுல வரணும். 80 டிகிரி கிழக்கை மையமா வச்சேன், அப்போ மேப் கிழியற இடம், அதாவது ரெண்டு ஓரமும் பிரியற கோடு, 100 டிகிரி மேற்கு, அமெரிக்கா ரெண்டா பிளந்து பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம், போதாததுக்கு கனடால இருந்து மேப் முழுக்க குறுக்கால பெயிண்ட் இழுவின மாதிரி பட்டை பட்டையா கோடு. 150 டிகிரியை மையமா வச்சா பசிபிக் முழுசா கிடைக்கும், ஆனா 30 டிகிரி மேற்குல அட்லாண்டிக் கிழியும். அப்பாகிட்ட கேட்டேன், "பசிபிக்கை ஒரே ஒருக்கத்தான் தாண்டிருக்கேன், யோகஹாமால இருந்து வான்கூவர், 87ல. அட்லாண்டிக் எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது"ன்னார். அப்போ பசிபிக்தான் கிழியணும். 11 டிகிரி கிழக்கை மையமா வச்சு கஸ்டம் ப்ரொஜெக்ஷன் போட்டேன், கிழியற இடம் 169 மேற்கு, பெரிங் ஜலசந்தி வழியா போகுது, ரஷ்யாவோட கிழக்கு முனையும் உடையாம முழுசா வருது.

அப்பவும் அலாஸ்கா பக்கத்துல இருந்து ஒரு மெல்லிசு பட்டை மேப் குறுக்கால ஓடுச்சு. ஜூம் பண்ணிப் பார்த்தா செயின்ட் லாரன்ஸ் தீவு சரியா 169 கோட்டு மேல உக்காந்திருக்கு, அதோட கீழ அல்யூஷன் தீவுல ஒண்ணு. 169ஐ நடுவுல வச்சு அரை மயிரிழை அகலத்துக்கு ஒரு பட்டை வரைஞ்சு டிஃபரன்ஸ் டூலால அந்த இடத்தை வெட்டிட்டேன், இழுவல் போச்சு. கடல் செவ்வகத்தையும் -169ல இருந்து 191 வரைக்கும்னு மாத்தணும், ஆனா சரியா 191ன்னு குடுத்தா வலது ஓரம் இடது ஓரத்துக்குத் தாவிடுது, இடது பக்கம் -168.999, வலது பக்கம் 190.999னு குடுங்க. ரஷ்யா மேல 180ல டேட்டாலயே ஒரு வெட்டுக் கோடு இருக்கு, பாலிகனை (நிலத்தோட மூடின வடிவம்) லைனா மாத்தி அந்த ஒரு கோட்டைக் கையால அழிச்சேன்.

கப்பல் பாதை. புள்ளிகளைத் தேதி வரிசைல இணைக்கற டூல் இருக்கு, ஆனா நான் 3/11/86ன்னு டைப் பண்ணியிருந்ததால அது எழுத்தா நினைச்சு வரிசைப்படுத்தி கப்பலை வருஷம் விட்டு வருஷம் தாவ விட்டுருச்சு, உலகம் நூல்கண்டு மாதிரி ஆயிடுச்சு. 1986-11-03ன்னு மாத்தினதும் சரி. பசிபிக் பயணம் மட்டும் 178 கிழக்குல இருந்து அடுத்த நாள் 175 மேற்குக்குப் போகும்போது அந்த ஒரு நாளை மேப் முழுக்க, ஐரோப்பா வழியா, திரும்பி ஓடுச்சு. மேற்கு எண்களோட 360 கூட்டி 185ன்னு ஆக்கினேன், கோடு தொடர்ச்சியா வந்துச்சு, 191ல வெட்டி ரெண்டு துண்டாக்கி வலது பக்கம் போய் இடது பக்கம் வர்ற மாதிரி வச்சேன். அந்தக் கோடு மேல நோக்கி 51 டிகிரி வரைக்கும் வளைஞ்சு போறதைப் பார்த்து நான் 5க்கும் 4க்கும் குழம்பிட்டேன்னு டைரியை மறுபடி எடுத்தேன். அப்பா ஒண்ணும் சொல்லல, பையனோட குட்டி குளோபை எடுத்து யோகஹாமால இருந்து வான்கூவருக்கு ஒரு தையல் நூலை இழுத்துப் பிடிச்சுக் காட்டினார். நூல் தானா வடக்க ஏறி அல்யூஷன் தீவுகிட்ட போய் இறங்குது. குறுக்கு வழி அதுதானாம், குளிர்ல செத்தோம்னும் சொன்னார்.

தமிழ்ப் பேர். நேச்சுரல் எர்த்ல நாட்டுப் பேர் ஹிந்தில இருக்கு, பெங்காலில இருக்கு, உருதுல இருக்கு, தமிழுக்கு காலமே இல்ல. ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் விக்கிடேட்டா (விக்கிப்பீடியாவோட தகவல் கிடங்கு) எண் குடுத்திருக்காங்க, அதை வச்சு விக்கிடேட்டால இருந்து தமிழ்ப் பேரை மொத்தமா இறக்கி ஜாயின் பண்ணிட்டேன். வந்த பேர்ல செருமனி, எசுப்பானியா, யோர்தான்னு இருக்கு, எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்றதில்ல, ஜெர்மனி ஸ்பெயின் ஜோர்டான்னு கையால மாத்தினேன், சண்டைக்கு வராதீங்க. லக்ஸம்பர்க் இந்த மேப்ல அதிகபட்சம் நாலு மிமீ உயரம்தான், அதுக்குள்ள பேர் எங்க எழுதறது, அந்த மாதிரி குட்டி நாட்டுக்கெல்லாம் எண் போட்டு பட்டியலை தென்பசிபிக்ல காலியா கிடந்த இடத்துல வச்சேன். கடல் பேரை எழுத்தைப் பரப்பி வைக்கலாம்னு லெட்டர் ஸ்பேஸிங் குடுத்தா என் வெர்ஷன்ல பெருங்கடல்ங்கறதுல பகரத்தை விட்டு ஒற்றைக்கொம்பு தனியா நடந்து போயிடுச்சு. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல கையால ஸ்பேஸ் தட்டினேன்.

பிரிண்ட். முதல் தடவை பிடிஎஃப் ஆக்கி பென்டிரைவ்ல கொண்டு போனேன். எக்ஸ்போர்ட் பண்ணும்போது எழுத்தை எழுத்தாவே வச்சிரு, அவுட்லைனா (வெறும் கோட்டுப் படமா) மாத்தாதேன்னு தேர்ந்தெடுத்திருந்தேன், ஏதாவது எழுத்துப்பிழை இருந்தா கடையிலயே திருத்திக்கலாமேன்னு. கடைல கோரல்ட்ராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல திறந்தாங்க, ஸ்க்ரீன்ல சின்னதா பார்த்தப்போ ஒண்ணும் தெரியல, அடிச்சு விரிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கொரியா கொலம்பியா ரெண்டுமே வாசிக்க முடியல. கடல் நீலம் கத்தரிப்பூ கலர். அது போதாதுன்னு கடைப் பையன் நின்னு பார்த்துட்டு "சார், காஷ்மீர் தலை வெட்டியிருக்கே, இதை எப்படி சார் மாட்டுவீங்க"ன்னான். அவன் சொன்னது நியாயம். நேச்சுரல் எர்த் சாதாரண ஃபைல்ல எல்லையை யார் கையில இருக்கோ அப்படிப் போட்டிருக்காங்க, நம்ம ஊர்ல சர்வே ஆஃப் இந்தியா மேப்புக்கு மாறா இந்திய மேப்பை வெளியிட்டா 1961 சட்டப்படி ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். அதே இடத்துலயே இந்தியா பார்வைல எல்லை போட்ட ஃபைல் தனியா இருக்கு, அந்த 1க்கு 1 கோடி செட்ல மட்டும். அதை முதல்லயே எடுத்திருக்கணும். பிளெக்ஸ் கட்டிலுக்கு அடியில போச்சு.

ரெண்டாவது தடவை எழுத்தும் சேர்ந்த டிஃப் படமாவே குடுத்தேன். 300 டிபிஐன்னா (அங்குலத்துக்கு 300 புள்ளி) 21,600க்கு 10,800 பிக்சல், லேப்டாப் தொங்கிருச்சு, கடைலயும் 150 போதும்னாங்க. 150ல ஒரு பிக்சல் 0.17 மிமீ, நான் கட்டக் கோடு 0.1 மிமீன்னு வச்சிருந்தேன், அது விட்டு விட்டுத்தான் வரும். 0.35 ஆக்கினேன். எழுத்து குறைஞ்சது 10 பாயின்ட். நீலத்துல மெஜந்தா மையைக் (கருஞ்சிவப்பு) குறைச்சு சயான் (இளநீல மை) 35, மெஜந்தா 8னு வச்சு, முழுசா அடிக்காம இந்தியா, இலங்கை, அரபிக்கடல் வர்ற மாதிரி ஒரு அடிக்கு மூணடி பட்டை மட்டும் முதல்ல அடிச்சுப் பார்த்தேன். இந்த வேலைல நான் பண்ணின ஒரே புத்திசாலித்தனம் அந்தப் பட்டைதான். வீட்டு ட்யூப்லைட்ல அது இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிஞ்சுது, சயானை 42 ஆக்கினேன்.

செலவு: ஏ3 கலர் பிரிண்ட் நாலு 120, வீணாப்போன பிளெக்ஸ் 18 சதுர அடி 324, சோதனைப் பட்டை 120, கடைசி வினைல் மேட் லேமினேஷன் சன் போர்டு எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 95ன்னு 1,710, ஸ்க்ரூ பிளக் 180, ஆறடி போர்டு பைக்ல வராதுன்னு ஆட்டோ 150. மொத்தம் 2,604 ரூபா. அடுத்த தடவைன்னா போர்டை ரெண்டு மூணடி துண்டா அடிச்சு வாங்கி நடுவுல சேர்ப்பேன், லிஃப்ட்ல இதை சாய்ச்சுக் கொண்டு வர்றதுக்குள்ள ஒரு மூலை அன்டார்டிகால மடங்கிருச்சு. துறைமுகத்துக்கும் நடுக்கடல் புள்ளிக்கும் ஒரே சைஸ் வச்சதும் தப்பு, துறைமுகம் பெருசா இருந்திருக்கணும்.

மாட்டி முடிச்சதும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கிட்ட போய் அரை மணி நேரம் நின்னார். அப்புறம் அரபிக்கடல்ல விரலை வச்சு, "இங்கன ஒரு புள்ளிதான் இருக்கு, ரெண்டு நாளுல்ல நின்னோம்"ன்னார். டைரியை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் 10°12' வடக்கு 58°40' கிழக்கு, அடுத்த நாள் 10°05' வடக்கு 58°46' கிழக்கு, பக்கத்துல "ஃப்யூல் பம்ப்"ன்னு எழுதியிருக்கு. எஞ்சின் நின்னு கப்பல் சும்மா மிதந்திருக்கு, ஒரு நாள்ல ஒன்பது மைல். ரெண்டு புள்ளியும் இருக்குப்பா, இந்த மேப்ல அது ஒரு மிமீகூட இல்ல, புள்ளியே ரெண்டு மிமீ, ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குன்னு விளக்கினேன். "அந்த ரெண்டு நாளும் நான் தூங்கவே இல்லல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். காலைல எழுந்து பார்த்தா அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல, தெக்க ஒரு அரை செ.மீ தள்ளி, சிவப்பு மார்க்கர்ல இன்னொரு புள்ளி. கணக்குப்படி எண்பது தொண்ணூறு கி.மீ தப்பு. லேமினேஷன் மேல வச்சது, துடைச்சா போயிடும், நான் துடைக்கல.